எண்ணெய்ச் சட்டி வைக்காத வருடம்

பரிமளத்துக்கு டோனற் என்றால் ஆகாது. கனடாவில், விட்பியில் அவளைத் தெரிந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். பிறந்தநாள் வீடுகளில் யாராவது பெட்டியைத் திறந்து நீட்டினால், "எனக்குச் சீனி வருத்தம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சீனி வருத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு டோனற் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்குக் கிட்ட நின்று வேலை செய்தவள். அந்த மணம் மூக்கில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். அவ்வளவுதான் விஷயம்.

தொழிற்சாலையில் வேலை செய்தவள் என்றதும் டோனற் சுடத் தெரிந்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். மா எங்கே குழைத்தார்கள், எண்ணெய் எங்கே கொதித்தது என்று அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. இயந்திரப் பட்டியில் ஊர்ந்து வருவதைப் பெட்டியில் அடுக்குவாள், மூடுவாள், தள்ளுவாள். பிறகு கறுவாச் சீனி தூவுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதைவிட அடுக்குகிற வேலையே தேவலை. தலைக்கு வலை, வாய்க்கு மூடி, கைக்கு உறை எல்லாம் போட்டுத்தான் நிற்பாள். என்ன போட்டு என்ன, அந்தத் தூள் புருவத்துக்குள் போகும், கழுத்து மடிப்புக்குள் போகும், வலைக்குள்ளாலும் புகுந்து தலைமயிரில் ஒட்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தால் பரிமளத்துக்கு உடம்பு கூசும்.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து நாலு வருடத்தில் புருசன் வீரக்குட்டி வயிற்றில் கட்டி வந்து படுத்தான். படுத்தவன் எழும்பவில்லை. மகன் மிதுசன் அப்போது இரண்டாம் வகுப்பு. வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையின் சொந்தக்காரி தான் வேலை செய்த இடத்திலேயே பரிமளத்தையும் சேர்த்துவிட்டாள். விடிய முதல் போனால், பின்னேரம் இரண்டு பஸ் மாறி வருவாள். மிதுசன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மேல்வீட்டில் இருப்பான். அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் படியால் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவான். அவள் கையை நீட்டி மறிப்பாள்.

"கிட்ட வராத மனே. உடம்பெல்லாம் ஊத்தை. அம்மா குளிச்சிட்டு வாறன்."

அவன் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெளியே இருப்பான். உள்ளே அவள் இரண்டு முறை சம்பு போட்டுத் தலையைக் கழுவி, உடம்பு சிவக்கத் தேய்த்து, அந்த மணம் போனபிறகுதான் வெளியே வந்து பிள்ளையைத் தூக்குவாள். சுத்தமான தாயாகப் பிள்ளையிடம் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். பெடியன் வளர்ந்தான், ஓடி வருவதும் நின்றது. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று அவள் அதை யோசிக்கவில்லை.

மிதுசன் படித்து, ரொறன்ரோவில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை எடுத்து, மெலனியைக் கட்டினான். மன்னார்ப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை. மூன்று வயதில் கனடாவுக்கு வந்தது. பரிமளம் முதலில் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் கோயிலிலும் ஒரு கல்யாணம், சேர்ச்சிலும் ஒரு கல்யாணம் என்று முடிந்தது. விட்பியில் புதிதாகக் கட்டிய வீதியில் வீடு வாங்கி மூன்று பேரும் ஒன்றாகப் போனார்கள். மரம் ஒன்றும் வளராத வீதி அது. காரில்லாமல் ஒரு பால் வாங்கவும் போக முடியாது. கூடத்தின் ஒரு சுவரில் பிள்ளையார், மற்றச் சுவரில் மாதா. அவர்கள் இருவரும் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. மாமியும் மருமகளும்கூட ஊர் எதிர்பார்த்த அளவுக்குச் சண்டை பிடிக்கவில்லை. பரிமளத்துக்குக் கீழே, குசினியை ஒட்டிய அறை.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இலை சிவக்கத் தொடங்கியதும் மிதுசனும் மெலனியும் அப்பிள் தோட்டத்துக்குப் போவார்கள். ஒரு கூடை அப்பிளும், மண்ணிறத்தில் கலங்கலாக ஒரு பெரிய கலன் அப்பிள் சைடர் என்கிற பழச்சாறும் வரும். அந்தச் சனிக்கிழமை குசினி அவனுடையது. சைடரைச் சட்டியில் ஊற்றி, பாணி மாதிரி வரும்வரை வற்றக் காய்ச்சுவான். மாவோடு பட்டர், முட்டை, மோர், கறுவா, சாதிக்காய் எல்லாம் போட்டுக் குழைத்து, பிரிட்ஜில் இறுக வைப்பான். வட்டமாக வெட்டுவதற்குத் தாயின் எவர்சில்வர் டம்ளர். நடு ஓட்டைக்கு இருமல் மருந்துப் போத்தலின் மூடி. சுட்டு எடுத்ததைச் சூடு ஆற முதல் கறுவாச் சீனியில் புரட்டுவார்கள்.

பரிமளம் அன்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வைப்பாள். உள்ளே சாம்பிராணிக் குச்சி கொளுத்துவாள். அப்படியும் மணம் வந்தால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து கத்துவாள்.

"உந்த நாத்தத்தை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டு வாறாய்? காசு குடுத்தா கடையில விக்கிறான்தானே?"

"வருசத்துக்கு ஒருக்காத்தானேம்மா" என்று சிரிப்பான் அவன். பிறகு அவளுக்காகக் குளிரோடு குளிராக யன்னல்களைத் திறந்துவிடுவான். ஒருநாளும் கோபித்ததில்லை. அடுத்த வருடம் மறுபடி சுடுவான். இந்த விஷயத்தில் மட்டும் பெடியன் ஏன் சொல்வழி கேட்பதில்லை என்று பரிமளத்துக்கு விளங்கியதே இல்லை.

போன வருடம் கார்த்திகை முடிகிற நேரம், மழை விழுந்து அப்படியே உறைந்த ஒரு காலையில் மிதுசன் நெடுஞ்சாலையில் கார் சறுக்கிப் போய்ச் சேர்ந்தான். முப்பத்துநாலு வயது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றபோது பரிமளம் அவனுடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டி மேசையில் மறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டுச் செலவுக்கு அவள்தான் சமைத்தாள். எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கிப் படைக்க வேண்டும். நண்டுக் கறி, இறால் பொரியல், பிட்டு, முட்டைக் குழம்பு, பியர் போத்தல் ஒன்று. அழுதுகொண்டே விடியவிடியச் சமைத்தாள். அடுப்படிக்கு யாரையும் விடவில்லை. படைக்கிற நேரம் மெலனி பின்னால் வந்து நின்று மெல்லக் கேட்டாள்.

"மாமி, நானும் ஒண்டு வைக்கலாமோ?"

"எல்லாம் வைச்சாச்சு புள்ள" என்றாள் பரிமளம். என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. தன் பிள்ளைக்குப் பிடித்தது தனக்குத் தெரியாததா என்ற எண்ணம் அவளுக்கு. மெலனியின் கையில் அப்போது ஒரு சின்னக் கடதாசிப் பை இருந்தது. அதை அவள் திருப்பிக் கொண்டுபோனாள்.

அதன் பிறகு வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. செத்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பலகாரம் சுடக்கூடாது. பொங்கல் இல்லை, சித்திரை வருடம் இல்லை, தீபாவளி இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுக்குள் ஏறாமல் வாசலில் வைத்துத் தந்த முறுக்கும் வடையும்தான். பரிமளம் அந்தக் கட்டுப்பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். மிளகாய் பொரிப்பதில்லை. அப்பளத்தைக்கூட மைக்ரோவேவில் வைத்து எடுத்தாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பில்லை. மகனுக்குச் சமைக்க இனி இல்லை, உடுப்புத் தோய்க்க இல்லை, வாசலில் பார்த்துக்கொண்டிருக்க இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்காமல் இருப்பது ஒன்றுதான் அவனுக்காக அவள் இன்னும் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது.

மெலனிக்கு ஒஷாவாவில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. ஆறு மணிக்கு வருவாள். கராஜ் கதவு ஏறும் சத்தம் கேட்கும்வரை பரிமளத்துக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சாப்பிடுவார்கள். "உப்புக் காணுமோ?" "ஓம் மாமி." அதைத் தாண்டிப் பேச்சு ஓடாது. ஆனாலும் கோப்பை இரண்டு கழுவ இருந்தது. தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் கோயிலில் கண்டால், "இளம் பிள்ளை, அவளும் எத்தனை நாளைக்கு உங்களோட இருப்பாள்?" என்று நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். பரிமளத்துக்கு நெஞ்சில் கல்லைப் போட்டது போல இருக்கும். மெலனியும் போனால் அந்த வீட்டில் மிதுசனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சீவன் இல்லை. போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்முடைய ஆட்களுக்கு இது ஒரு பெரிய வியாதி.

ஒக்டோபர் வந்தது. ஒரு சனிக்கிழமை சங்கத்துச் சிவபாதம் அண்ணை தன் காரில் பரிமளத்தை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வருடம் திரும்புகிற ஆட்டைத் திவசத்துக்கு ஐயரிடம் திதி பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னார்கள். அவள் பின்னேரம் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். புளிப்பும் இனிப்புமாக அந்த மணம் முகத்தில் அடித்தது.

குசினியில் மெலனி நின்றாள். முழங்கைவரை மா. தனியாகத் தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறாள். வற்றின சைடர் ஒரு சின்னச் சட்டியில் இருந்தது. வட்டமாக வெட்டிய மா தட்டில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் டம்ளரும் மருந்துப் போத்தல் மூடியும். அடுப்பில் எண்ணெய்.

பரிமளம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போய் அடுப்பை நூர்த்தாள்.

"என்ர புள்ளை செத்து வருசம் திரும்பேல்ல. உனக்கு எண்ணெய்ச் சட்டி கேக்குதோ?"

"மாமி, இது மிதுவுக்காக..."

"உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் இல்லைத்தான். இது அவன்ர வீடு. துடக்கு வீட்டில பலகாரம் சுட்டுத் தின்னுறதுக்கு உனக்கு எப்பிடி மனம் வந்தது?"

 மெலனி அழுதிருந்தால் பரிமளம் இறங்கியிருப்பாள். மெலனி அழவில்லை. தட்டில் இருந்த மாவை ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். டம்ளரைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். பிறகு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் அடித்துச் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, சத்தமே வரவில்லை.

கலனில் பாதிச் சைடர் மிஞ்சியிருந்தது. சாப்பாட்டுச் சாமானை எறியப் பரிமளத்துக்கு மனம் வராது. கொண்டுபோய் அடி ஃபிரீசரில் வைத்தாள்.

அடுத்த கிழமை சாப்பாட்டு மேசையில் மெலனி சொன்னாள்.

"மாமி, நான் ஒஷாவாவுக்கு மூவ் பண்ணப் போறன். ஸ்டெபனியின்ர வீட்டில ஒரு ரூம் இருக்கு. வேலைக்கும் கிட்ட."

ஸ்டெபனி அவளோடு வேலை செய்கிற பெண். பரிமளம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். போகாதே புள்ள என்ற சொல் தொண்டைவரை வந்தது. ரோஷம் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது.

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் மெலனி இரண்டு பெட்டியோடு போனாள். மற்றச் சாமான்களைத் திவசத்துக்கு வரும்போது எடுப்பதாகச் சொன்னாள். ஆறு மணிக்குக் கராஜ் கதவு ஏறுவது நின்றது. பரிமளம் சோறு கூடுதலாகப் போட்டுவிட்டு அடுத்த நாள் அதையே தின்றாள். யாரோடாவது பேச வேண்டும் போல இருந்தது. சிவபாதம் அண்ணைக்கு எடுத்து நடந்ததைச் சொன்னாள். நீ செய்தது சரி என்று ஒரு சொல் அவருடைய வாயிலிருந்து வரவேண்டும் என்பதற்காகத்தான் எடுத்தாள். சடங்கு சம்பிரதாயத்தில் சங்கத்துக்கே அவர்தான் நீதவான்.

"எண்ணெய்ச் சட்டி வைச்சாப் பலகாரம்தான். அதில கதையில்ல" என்றார் அவர். பரிமளத்துக்கு ஒரு மூச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை. "ஆனா தங்கச்சி, உந்த டோனற்றை இப்ப ஆக்கள் எண்ணெயில்லாம ஓவனிலயும் வேக வைக்கினம். என்ர மருமகள் செய்யிறவள். ஓவனில வைச்சா அது பாண் மாதிரித்தான். குற்றமில்ல. அதை அந்தப் புள்ளைக்குச் சொல்லியிருக்கலாம்."

பரிமளம் போனை வைத்துவிட்டுக் குசினியில் இருந்த ஓவனைப் பார்த்தாள். மதியம் முழுக்க அதற்கு முன்னால் நின்றவள் மாதிரி ஒரு களைப்பு வந்தது. ஒரு வார்த்தை தன்மையாகக் கேட்டிருந்தால் போதும். அந்தப் பிள்ளை இப்போது மேலே தன் அறையில் இருந்திருக்கும். அதை நினைத்து அழுதாள். மகனுக்காக அழுது வற்றிவிட்டது என்று நினைத்த கண்ணீர் மருமகளுக்காக வந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. திவசத்தன்று வருடம் திரும்புகிறது. அன்று எண்ணெய்ச் சட்டி வைக்கலாம். வைக்கத்தான் வேண்டும். படையலில் வடையோடு டோனற்றும் வைப்பாள். எட்டுச் செலவன்று மெலனியின் பையில் இருந்ததும் டோனற்றாகத்தான் இருக்கும், அன்று விடாததை இப்போது வைக்கலாம். மெலனி பார்ப்பாள், மனம் இளகும், திரும்பி வருவாள்.

திவசத்துக்கு முதல்நாள் உறைந்த சைடரை எடுத்து வெளியே வைத்தாள். போனில் ஒரு வெள்ளைக்காரி டோனற் சுடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்போதுதான் ஒரு சிக்கல் தட்டியது. வெள்ளைக்காரி முட்டை உடைத்து ஊற்றுகிறாள். எட்டுச் செலவுக்கு மீன், முட்டை என்று மச்சம் ஆகும். ஆட்டைத் திவசம் சைவம். முட்டை போட்ட டோனற்றை எப்படிப் படைப்பது? பிள்ளைக்குப் பிடித்தது ஒரு பக்கம், பிள்ளைக்குச் செய்கிற கிரியை ஒரு பக்கம். முட்டையில்லாமல் செய்வது என்று தீர்மானித்தாள்.

விடிய முதல் குளித்து, ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றாள். முதலில் போட்ட டோனற் எண்ணெயில் விழுந்ததும் பொரிந்து சிதறியது. அடுத்தது காய்ந்த விறகு மாதிரி இறுகியது. பிறகு ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்தாள். ஊரில் சுடுகிற வாழைப்பழப் பலகாரமான வாய்ப்பனுக்கு அப்படித்தான் செய்வது, அவளுக்குத் தெரிந்த வழி அது. இந்த முறை உடையவில்லை. ஓட்டை பாதி மூடிக்கொண்டது, ஒரு பக்கம் கருகியது. டோனற்றும் இல்லை, வாய்ப்பனும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. கறுவாச் சீனியில் புரட்டும்போது அந்தத் தூள் எழும்பி முகத்தில் படிந்தது.  மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் புரட்டினாள்.

மெலனி பத்து மணிக்கு வந்தாள். வெள்ளைச் சல்வார், மெலிந்த முகம். கையில் மெழுகுதிரியும் பூவும். பரிமளத்தைக் கண்டதும் "மாமி" என்றாள். ஐயர் வந்து கிரியையை முடித்துக்கொண்டு போனார். சிவபாதம் அண்ணை வந்திருந்தார், சங்கத்து ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். மிதுசனின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் எல்லாம் பரிமாறியிருந்தது. சோறு, பருப்பு, பூசணிக் கறி, வடை, பாயாசம். ஓரத்தில் மூன்று டோனற். மெலனி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரிமளம் மெலனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காகத்துக்கு வைக்க வேண்டும். சிவபாதம் அண்ணை ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பின்பக்கத் தளத்துக்குப் போனார். இலையெல்லாம் கொட்டிப் போய் வேலியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கா, கா என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டுச் சீனாக்காரர் யன்னலால் பார்த்தார். காகம் வரவில்லை. எல்லோரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். வேலிமேல் ஒரு கறுப்பு அணில் வந்தது. சோற்றை மணந்தது, வடையை மணந்தது, பிறகு டோனற்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தது.

"கறுப்புத்தானே. காகமெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் சிவபாதம் அண்ணை. யாரோ சிரித்தார்கள். பரிமளத்துக்கு அந்த நிமிடம் ஒரு சந்தோசம். கொண்டுபோய்விட்டான், அவனுக்குப் பிடித்ததைத்தான் கொண்டுபோனான் என்று நினைத்தாள். திரும்பி மெலனியின் கையைப் பிடித்தாள். மெலனி கையை இழுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபோது வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. கார்த்திகையில் ஐந்து மணிக்கே பொழுது செத்துவிடும். மெலனி மேலே போய் மிச்ச உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கீழே வந்தாள். பரிமளம் படியடியில் காத்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல் கடைசியில் வந்தது.

"திரும்பி வாவன் புள்ள. நான் பேசினது பிழை. அண்டைக்கு என்னண்டு எனக்கு அந்த வாய் வந்ததெண்டு தெரியேல்ல. நீ என்ன வேணுமெண்டாலும் சுடு. எந்த நாளும் சுடு."

மெலனி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கோவம் இல்ல மாமி. சத்தியமா இல்ல. இந்தக் குசினியைப் பார்க்க ஏலாம இருக்கு. இஞ்ச ஒவ்வொரு நாளும் நான் அவரைத் தேடுறன். ஐ கான்ட் டூ இட் எனிமோர்."

"ஞாயிற்றுக்கிழமையாவது வாவன்."

"பாப்பம் மாமி."

பார்ப்போம் என்பதற்கு நம்மிடையே என்ன அர்த்தம் என்று பரிமளத்துக்குத் தெரியாதா. தலையை ஆட்டினாள். மெலனி கோட்டைப் போட்டுக்கொண்டு, போகமுன் கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு கிட்ட வந்தாள். பரிமளத்தின் கை பழக்கதோசத்தில் நீண்டு மறித்தது.

"கிட்ட வராத புள்ள. விடிய முதல் அடுப்படியில நிண்டது. தலையெல்லாம் அந்தச் சீனி மணம். குளிக்க வேணும்."

மெலனி அப்படியே நின்றாள்.  அன்று முழுக்க அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

"மிது உங்களுக்குச் சொல்லவே இல்லையா?"

"என்னத்தை?"

"அவருக்கு டோனற் பிடிக்காது மாமி. ஒண்டுகூடச் சாப்பிடமாட்டார். எல்லாத்தையும் நான்தான் வேலைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறனான்." அவள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுட்டு முடிய, குசினியில சும்மா கண்ணை மூடிக்கொண்டு நிப்பார். அம்மா வேலையால வாற மணம் எண்டுவார். கதவடியில மட்டும்தான் அது கிடைக்குமாம். குளிச்சாப் பிறகு நீங்கள் சவுக்கார மணமாம், அது எல்லா அம்மாக்களிட்டயும் இருக்குமாம்."



"அவன் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நானும் அவரைக் கேட்டனான். அம்மாவுக்கு அந்த ஃபக்டரியை நினைச்சாலே கவலை, விடு எண்டார்."

"எட்டுச் செலவண்டைக்கு உன்ர கையில ஒரு பை இருந்ததே..."

"உங்கட பழைய தலை வலை மாமி. அவர் எடுத்து வைச்சிருந்தவர். கழுவாதது."

மெலனி அதன் பிறகு கட்டிப்பிடித்தாள். பரிமளம் மறிக்கவில்லை. அவளுடைய தலைமயிரில் மெலனியின் முகம் கொஞ்ச நேரம் புதைந்து கிடந்தது. பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கராஜ் கதவு ஏறியது, இறங்கியது. கார் வெளிச்சம் சுவரில் மாதாவையும் பிள்ளையாரையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது.

பரிமளம் படையல் இலையை மடித்தாள். மிஞ்சிய டோனற்றுகளை ஒரு பெட்டியில் போட்டு மூடினாள். அடுப்பைத் துடைத்தாள். யன்னலைத் திறக்கப் போனவள் திறக்காமல் விட்டாள். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய் லைட்டைப் போட்டாள். தண்ணீரைத் திறந்து, சூடு வரும்வரை கையை வைத்துப் பார்த்தாள். சூடு வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயைப் பூட்டினாள்.

கொண்டையை அவிழ்த்து, முடியை முன்னால் இழுத்து மூக்கில் வைத்தாள். கறுவாவும் சீனியும் எண்ணெயும். இத்தனை நடந்தும் அது வயிற்றைப் புரட்டத்தான் செய்தது. லைட்டை நூர்த்துவிட்டு வந்து, அந்தத் தலையோடேயே குசினிக் கதிரையில் இருந்தாள்.